லோன் ஆப் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது, போகலாமா?

கோரமங்களா_தர்மபுரி:

எல்லோருக்கும் வணக்கம். பெங்களூருக்கு வந்து ஏழு வருடம் ஆகிறது, பேக்எண்ட் எஞ்சினியர், வயது 31. மூன்று மாதத்துக்கு முன்னால் எங்கள் கம்பெனியில் ஆட்குறைப்பு நடந்தபோது எங்கள் டீமையே மொத்தமாக எடுத்துவிட்டார்கள். வாடகையும், ஊரில் தங்கை கல்யாணத்துக்கு வாங்கிய கடனின் தவணையும் சேமிப்பிலிருந்துதான் போய்க்கொண்டிருக்கின்றன. இன்னும் இரண்டு மாதம் தாங்கும். இப்போது எச்.எஸ்.ஆர். லேஅவுட்டில் இருக்கும் ஒரு லோன் ஆப் கம்பெனியிலிருந்து ஆஃபர் வந்திருக்கிறது, பழைய சம்பளத்தைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

சட்டவிரோதமான கம்பெனி இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதிவு பெற்ற என்.பி.எஃப்.சி. (வங்கி அல்லாத நிதி நிறுவனம்) ஒன்றோடு சேர்ந்துதான் கடன் கொடுக்கிறார்கள். ஆனால் என்னை எடுத்திருப்பது கலெக்‌ஷன்ஸ் டீமுக்கு, அதாவது கடன் வசூலுக்கு.

தயக்கத்துக்குக் காரணம் அப்பா. தர்மபுரியில் சின்னதாக ஒரு மளிகைக் கடை வைத்திருந்தார், சரக்கு வாங்கத் தண்டல் எடுப்பார். பத்தாயிரம் என்று எழுதிவிட்டு எட்டாயிரத்து ஐந்நூறைக் கையில் கொடுப்பார்கள், தினம் நூறு ரூபாய், நூறு நாள். சாயங்காலம் ஆறரை மணிக்கு தண்டல்காரர் எக்ஸ்.எல். வண்டியில் வந்து, இறங்காமலே ஒரு காலை ஊன்றிக்கொண்டு கையை நீட்டுவார். கட்டம் போட்ட அட்டை ஒன்று உண்டு, பணம் கொடுத்தால் அன்றைய கட்டத்தில் கையெழுத்து. கல்லாவில் பணம் இல்லாத நாளில் அப்பா உள்ளே அரிசி மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு என்னை வெளியே அனுப்புவார், "அப்பா சரக்கு எடுக்கப் போயிருக்கார்னு சொல்லு" என்று. எனக்கு அப்போது ஒன்பது வயது. தண்டல்காரருக்கும் தெரியும், அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு "சரி, நாளைக்கு ரெண்டா வாங்கிக்கிறேன்னு சொல்லு" என்று போய்விடுவார்.

இண்டர்வியூவில் ஒரு ஷீட்டைக் கொடுத்து, எந்தக் கடனாளியின் கணக்கில் எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு ஆட்டோ டெபிட் (தவணையைக் கணக்கிலிருந்து தானாகப் பிடிப்பது) போட்டால் பணம் கிடைக்கும் என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். கடன் தொகை எல்லாம் ஆறாயிரம், எட்டாயிரம். தொழில் என்ற இடத்தில் 'சொந்தக் கடை' என்று வரிசையாக வந்துகொண்டே இருந்தது. நன்றாகத்தான் செய்தேன், அதனால்தான் ஆஃபர். வீட்டுக்கு வந்து அன்றைக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை.

இந்தத் துறைக்குப் போக மாட்டேன் என்று உங்களில் யாராவது முடிவு எடுத்திருக்கிறீர்களா? கோட்டை எங்கே போட்டீர்கள்? பணக் கஷ்டம் இருக்கும்போது அப்படிக் கோடு போடுவது சரியா?

ஈஜிபுரா_4வது_கிராஸ்:

நண்பா, போய்ச் சேருங்கள். நான் கிரெடிட் கார்டு பிரிவில் ஆறு வருடமாக இருக்கிறேன், அந்த வருமானத்தில்தான் இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். கடன் கொடுப்பவன் திருப்பிக் கேட்கத்தான் செய்வான். வங்கி கதவையே திறக்காத ஆட்களுக்கு இந்த ஆப்புகள்தான் அவசரத்துக்கு உதவுகின்றன, ஆஸ்பத்திரிச் செலவுக்கு ராத்திரி பத்து மணிக்கு எந்த மேனேஜர் கையெழுத்துப் போடுவார்? நீங்கள் போகாவிட்டால் அந்த நாற்காலியில் வேறொருவர் உட்காரப் போகிறார், கடனாளிக்கு அதில் ஒரு ரூபாய் லாபம் இல்லை. எய்தவன் இருக்க அம்பை நோவானேன்? முதலில் வீட்டைப் பாருங்கள். ஒரு வருடம் இருந்துவிட்டு மாறிக்கொள்ளலாம்.

மாரத்தஹள்ளி_ஆண்ட்ராய்டு:

மேலே சொன்ன 'வேறொருவர் உட்காருவார்' என்பதை நானும் நாலு வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன், அதனால் எழுதுகிறேன்.

நான் ஒரு ஆன்லைன் ரம்மி கம்பெனியில் இருந்தேன். ரம்மி திறமை விளையாட்டு என்று 1967லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றமும் தமிழ்நாட்டுச் சட்டத்தில் ரம்மிக்கும் போக்கருக்கும் போட்ட தடை செல்லாது என்றது. ஆபீஸில் யாருக்காவது உறுத்தினால் இந்த இரண்டையும்தான் எடுத்து வைப்பார்கள். நானும் அதை நம்பினேன். சட்டம் சொல்கிறதே, அப்புறம் நான் யார்?

2025 பிப்ரவரியில் தமிழ்நாடு ஒரு விதி கொண்டுவந்தது, ராத்திரி 12 மணியிலிருந்து காலை 5 மணி வரை பணம் வைத்து ஆடக்கூடாது என்று. அந்தத் தடையை ஆப்பில் எழுதும் வேலை எனக்கு வந்தது. சோதித்துப் பார்க்க ஒரு வாரத்துப் பழைய லாக்கை, அதாவது யார் எப்போது எவ்வளவு போட்டார் என்ற பதிவை, எடுத்தேன். அதுவரைக்கும் நான் பார்த்ததெல்லாம் கிராஃப்தான், அன்றைக்குத்தான் தனித்தனி ஆளாகப் பார்த்தேன். ஒருவர் ராத்திரி ஒன்றே காலுக்கு ஐந்நூறு போடுகிறார், ஒன்றரைக்கு ஐந்நூறு, இரண்டு மணிக்கு இருநூறு, இரண்டேகாலுக்கு நூறு, அப்புறம் ஐம்பது. தொகை குறைந்துகொண்டே போகிறது. மறுநாள் காலை பத்து மணிக்கு அதே ஆளுக்கு 'உங்களுக்காக 100 ரூபாய் போனஸ் காத்திருக்கிறது' என்று ஒரு நோட்டிஃபிகேஷன். அதை அனுப்பும் ப்ரோகிராம் நான் எழுதியது.

அப்போதும் நான் வெளியே வரவில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். அந்த ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டு அத்தனைக்கும் தடை போட்டது. 20ஆம் தேதி மக்களவை, 21 மாநிலங்களவை, 22 குடியரசுத் தலைவர் ஒப்புதல், மூன்றே நாள். கம்பெனியில் பாதிக்கு மேல் வெளியே. நானும்தான். அதற்கப்புறம் போன இண்டர்வியூக்களில் 'என்ன செய்தீர்கள்' என்று கேட்டால் அந்த நோட்டிஃபிகேஷனைத்தான் விவரிக்க வேண்டியிருந்தது, அதைச் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் குரல் இறங்கிவிடும்.

அம்பு என்று சொன்னீர்கள். அம்புக்குக் கண் கிடையாது. எங்களுக்கு லாக் திறந்து இருந்தது.

தர்மபுரி நண்பருக்கு ஒன்றே ஒன்று: நீங்கள் பார்க்கும் முன்பே உங்களுக்கு உறுத்திவிட்டது. உள்ளே போய் ஆறு மாதம் ஆனால் அது பழகிவிடும், நான் பயப்படுவது அதற்குத்தான்.

ஆலங்குளத்துக்காரி:

இந்தக் கேள்வி எங்கள் வீட்டில் நடந்தது, அதைச் சொல்கிறேன்.

எங்கள் அம்மா பீடி சுற்றினார், முப்பது வருடத்துக்கு மேல். ஆலங்குளம், முக்கூடல் பக்கம் போனால் தெரியும், திண்ணைக்குத் திண்ணை பெண்கள் சுளவை (முறத்தை) மடியில் வைத்துக்கொண்டு இருப்பார்கள். ராத்திரியே இலையை நனைத்து ஈரச் சாக்கில் சுற்றி வைக்க வேண்டும், காலையில் தகரத்தை அளவுக்கு வைத்துக் கத்தரியால் வெட்டி, தூளை வைத்து உருட்டி, நுனியை மடக்கி, நூலால் கட்ட வேண்டும். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. சாயங்காலம் பீடிக்கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால் கணக்குப்பிள்ளை ஒரு கட்டைப் பிரித்துப் பார்த்து, பிடிக்காததைக் கழித்துப் போடுவார். கழித்ததற்குக் கூலி கிடையாது. அம்மாவின் கட்டைவிரல் நகத்தில் இப்போதும் ஒரு பள்ளம் இருக்கிறது. பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய அரசு கொடுக்கும் உதவித்தொகையில்தான் நான் பள்ளிக்கூடம் முடித்தேன்.

2019இல் இங்கே ஒயிட்ஃபீல்டில் ஒரு ஐ.டி. கம்பெனியில் இருந்தபோது என்னை ஒரு சிகரெட் கம்பெனியின் விற்பனை ப்ராஜெக்டில் போட்டார்கள். எந்தக் கடையில் எந்த பிராண்ட் எவ்வளவு போகிறது, எங்கே இன்னும் விற்கலாம் என்று கணக்கிடும் வேலை. வேண்டாம் என்று சொன்னேன். மாமா ஒருவர் நுரையீரல் புற்றுநோயில் போனதைக் கூடவே இருந்து பார்த்தவள் நான். இரண்டு மாதம் ப்ராஜெக்ட் எதுவும் கொடுக்காமல் பெஞ்சில் வைத்தார்கள், அந்த வருடம் ரேட்டிங்கும் போயிற்று.

அம்மாவிடம் போனில் சொன்னபோது பயந்துகொண்டேதான் சொன்னேன். பீடியில் வளர்ந்துவிட்டு சிகரெட்டை வேண்டாம் என்கிறாளே என்று நினைப்பார்களோ என்று. அம்மா சொன்னது இது: "எனக்கு வேற வேலை கெடச்சிருந்தா நான் ஏன் சொளவ மடியில வச்சிருக்கப் போறேன்? ஒனக்குக் கெடைக்கும்லா, பொறவு என்ன."

எந்தத் துறை சுத்தம், எந்தத் துறை அழுக்கு என்று நான் பட்டியல் போடுவதில்லை. பீடி சுற்றுகிற பெண்ணையோ டாஸ்மாக்கில் பாட்டில் எடுத்துக் கொடுக்கிற ஊழியரையோ நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். வேறு வழி இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி. பெங்களூரில் ஏழு வருட அனுபவம் உள்ள பேக்எண்ட் ஆளுக்கு இருக்கிறது, தம்பி. கொஞ்சம் தாமதமாகலாம், சம்பளம் குறையலாம். ஆனால் இருக்கிறது. தங்கை கல்யாணக் கடனுக்குத் தவணைத் தேதியைத் தள்ளிப் போட முடியுமா என்று முதலில் கேளுங்கள். அதை யாரும் கேட்பதில்லை.

கோரமங்களா_தர்மபுரி:

அக்கா, உங்கள் அம்மா சொன்னதை மூன்று தடவை படித்தேன். நன்றி. ஈஜிபுரா நண்பர் சொல்வதையும் என்னால் தள்ள முடியவில்லை, தண்டல் கிடைக்காமல் போயிருந்தால் அப்பா கடையை இன்னும் சீக்கிரமே மூடியிருப்பார். கடன் கொடுப்பதே தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. எந்த இடத்தில் தப்பாகிறது என்றுதான் பிடிபடவில்லை.

ஹலசூர்_தமிழ்:

நான் ஒரு என்.பி.எஃப்.சி.யில் ப்ராடக்ட் பக்கம் இருக்கிறேன், அதனால் அந்த இடத்தைக் காட்ட முடியும் என்று நினைக்கிறேன்.

முதலில், பழைய அநியாயங்களில் சிலவற்றுக்குச் சட்டம் வந்துவிட்டது. ரிசர்வ் வங்கியின் 2022 செப்டம்பர் விதிகளிலிருந்தே ஆப் உங்கள் போனில் இருக்கும் தொடர்பு எண்களையும் படங்களையும் தொடக்கூடாது. அதே ஆண்டு ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி வசூல் அழைப்புகளுக்கு நேரம் வைத்தது, காலை 8 மணிக்கு முன்னாலும் மாலை 7 மணிக்குப் பின்னாலும் கூடாது. 2024 ஏப்ரலிலிருந்து அபராதத்தை வட்டியோடு சேர்த்து அதற்கும் வட்டி போட முடியாது. உங்கள் கம்பெனி இந்த விதிகளையெல்லாம் கடைப்பிடிக்கிறது என்றே வைத்துக்கொள்வோம்.

அப்புறம் கணக்கு. பத்தாயிரம் கடன், பிடித்தம் போக கையில் 8,800, முப்பது நாளில் பத்தாயிரம் கட்ட வேண்டும் என்றால், அது ஆண்டுக்கு 160 சதவீதத்துக்கு மேல். உங்கள் அப்பாவின் தண்டல் இதே சாயலில்தான் இருக்கும்.

ஆனால் எனக்குத் தூக்கம் போனது வேறொரு இடத்தில். ஆட்டோ டெபிட் போடும்போது கணக்கில் பணம் இல்லையென்றால் அது பவுன்ஸ் ஆகும், கடனாளியின் வங்கி ஒவ்வொரு முறைக்கும் சில நூறு ரூபாய் பிடிக்கும். நாங்களும் எங்கள் பங்குக்கு ஒரு பவுன்ஸ் கட்டணம் போடுவோம். 5ஆம் தேதி போட்டு, 7ஆம் தேதி மறுபடியும், 10ஆம் தேதி மறுபடியும் போட்டால், ஆறாயிரம் கடன்காரருக்குத் தவணைக்கு மேலே ஆயிரம் இரண்டாயிரம் என்று ஏறிவிடும். யாரும் மிரட்டவில்லை, யாரும் வீட்டு வாசலுக்குப் போகவில்லை. ஆப்பின் அமைப்புகளை எழுதி வைக்கும் ஒரு கான்ஃபிக் ஃபைலில் 'முயற்சி: 3' என்று ஓர் எண், அவ்வளவுதான். உங்கள் தண்டல்காரர் உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு நாளைக்கு வருகிறேன் என்றாரே, அந்த எண்ணுக்கு அது தெரியாது.

அதை ஒன்றாகக் குறைத்து, சம்பளம் கணக்கில் ஏறிய பிறகு போடலாம் என்று நான் சொன்னேன். ஒத்துக்கொள்ள வைக்க எட்டு மாதம் ஆனது, அதுவும் என் மேலாளர் கேட்கிற ஆளாக இருந்ததால். அதனால் உள்ளே போனால் ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் புதிதாகச் சேருகிற ஆளுக்கு, அதுவும் வசூல் சதவீதத்தை வைத்தே போனஸ் போடும் டீமில், அந்த எட்டு மாதம் கிடைக்காது.

பதில் சொல்லும் முன்பு டீம் மேனேஜரிடம் நேராகக் கேளுங்கள். பவுன்ஸ் ஆனால் எத்தனை தடவை மறுபடி போடுகிறீர்கள்? வருமானத்தில் அபராதமும் பவுன்ஸ் கட்டணமும் எவ்வளவு? என் டீமை எந்த எண்ணை வைத்து அளப்பீர்கள்? ஒழுங்காகக் கட்டுகிறவரால் கம்பெனி பிழைக்கிறதா, கட்ட முடியாதவரால் பிழைக்கிறதா என்று அதிலேயே தெரிந்துவிடும். யாருக்குக் கடன் கொடுக்கலாம், கொடுக்கக் கூடாது என்று பார்க்கும் ரிஸ்க் டீமில் இடம் இருந்தால் அதைக் கேட்டுப் பாருங்கள், கட்ட முடியாதவருக்குக் கொடுக்காமல் தடுப்பது நல்ல வேலை.

கோரமங்களா_தர்மபுரி:

நேற்று கேட்டேன். மேனேஜர் மறைக்கவில்லை, அதற்கு அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். பவுன்ஸ் ஆனால் மாதத்துக்கு நான்கு முறை போடுகிறார்களாம். அதை ஆறு ஆக்கினால் வசூல் எவ்வளவு கூடும் என்று பார்ப்பதுதான் எனக்கு முதல் வேலையாம். கட்டணங்களின் பங்கைச் சொல்ல முடியாது என்றார். ரிஸ்க் டீமில் இடம் இல்லை.

வேண்டாம் என்று மெயில் அனுப்பிவிட்டேன். அப்பாவிடம் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம் "அந்த அட்டை இன்னும் வீட்ல இருக்குடா" என்றார். எதற்காக வைத்திருக்கிறார் என்று நான் கேட்கவில்லை.

கல்யாணக் கடனுக்கு மூன்று மாத அவகாசம் கேட்டோம், இரண்டு மாதம் கொடுத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் இரண்டு ரவுண்டு முடிந்திருக்கிறது. வந்தால் பழைய சம்பளத்தைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும், ஆபீஸ் மகாதேவபுரா பக்கம். கோரமங்களா வாடகை இனி கட்டாது. கே.ஆர். புரம் அல்லது ராமமூர்த்தி நகரில் பன்னிரண்டாயிரத்துக்குள் ஒரு சின்ன வீடு, அட்வான்ஸ் அதிகம் கேட்காத ஆளாக, யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.