மழைக்கு விழும் ட்ரிப் சுவிட்ச்

ஹட்டன் அக்கா: மழை நாட்களில் எங்கள் வீட்டு ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுந்து கரண்ட் நின்றுவிடுகிறது. அதைத் தவிர்த்துவிட்டு நேரடியாக இணைப்புக் கொடுத்தால் தொல்லை தீரும் என்றும், பக்கத்தில் இரண்டு வீடுகளுக்கு அப்படித்தான் செய்து கொடுத்ததாகவும் வயரிங் வேலை செய்யும் பாஸ் (மின் வேலைக்காரர்) சொல்கிறார். கூலியும் குறைவு. சின்னம்மாவின் உறவுக்காரப் பிள்ளை என்பதால் மறுக்கத் தயக்கமாக இருக்கிறது.

பண்டாரவளை மாமா: மறுத்துவிடு மகள். போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் ஒத்திருக்கின்றனவா என்று பார்ப்பதே அந்தச் சுவிட்சின் வேலை. திரும்புவது குறைந்தால் எங்கோ மின்சாரம் கசிகிறது என்று அர்த்தம். வழக்கமாக வீடுகளுக்குப் போடுவது 30 மில்லி அம்பியர் கசிவுக்குள் விழுந்துவிடும். உயிரை எடுக்கக்கூடிய கசிவுகூட, மின்னோட்டம் அளவுக்கு மீறினால் மட்டும் விழும் 20 அம்பியர் பிரேக்கருக்குத் தெரியாது. கீழ் வீட்டில் வாடகைக்கு இருக்கும் டீச்சரின் பிள்ளைகள்தானே ஹீட்டரில் குளிக்கிறார்கள்? அவர்களுடைய ஆபத்துக்கு நீ எப்படிச் சம்மதம் கொடுப்பாய்?

தலவாக்கலை சின்னம்மா: அந்தப் பிள்ளை கெட்டவன் இல்லை. அவனுக்கு வேலை கொடுக்க வேண்டாம் என்று ஊருக்குள் பரப்பிவிடாதீர்கள்.

பதுளை தம்பி: நானும் இந்தத் தொழிலில் இருப்பவன் என்பதால் சொல்கிறேன். கசிவைத் தேட அரை நாள் போனாலும் அதற்குக் கூலி தர யாருக்கும் மனம் வருவதில்லை. லைட் எரிந்தால்தான் காசு. அதனால்தான் பலர் குறுக்கு வழிக்குப் போகிறார்கள். அது நியாயமில்லை, ஆனால் தேடும் நேரத்துக்கும் கூலி உண்டு என்று முதலிலேயே பேசிவிடுங்கள். பிரேக்கர்களை எல்லாம் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டால் எந்தப் பக்கம் கசிகிறது என்று பெரும்பாலும் பிடிபடும். நியூட்ரல் (மின்னோட்டம் திரும்பும் கம்பி) எர்த்தில் (நிலத்துக்குப் போகும் கம்பி) பட்டிருந்தால் மட்டும் இது போதாது, மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். மழையில்தான் விழுகிறது என்றால் வெளி லைட்டின் ஹோல்டரையும் கூரைக்குக் கீழ் உள்ள இணைப்புகளையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

ஹட்டன் அக்கா: அவரையே தேடச் சொல்லி, அதற்கான கூலியையும் தருகிறேன். மறுத்தால் இதுவரை செய்த வேலைக்குக் கணக்குத் தீர்த்துவிட்டு வேறு ஆளைப் பார்ப்பேன். அதுவரை ஹீட்டரைப் போட வேண்டாம் என்று டீச்சரிடம் சொல்லிவிட்டேன்.

பண்டாரவளை மாமா: அந்த இரண்டு வீடுகள்?

தலவாக்கலை சின்னம்மா: அவன் அம்மாவிடம் நான் இன்றே பேசுகிறேன். அவனே போய்ச் சரிசெய்து கொடுப்பதுதான் அவனுக்கும் மரியாதை.

பண்டாரவளை மாமா: நல்லது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்குள் செய்யாவிட்டால், அந்த வீட்டுக்காரர்களிடம் நானே சொல்லிவிடுவேன் சின்னம்மா.