கொழும்பு ட்ராபிக்குக்கு எது: பழைய வெசல் ஹைபிரிட்டா, ரெய்ஸ் டர்போவா?

வெள்ளவத்தை_கடற்கரை
2014–2016 ஹொண்டா வெசல் ஹைபிரிட் (ஆர்யூ3), இல்லாவிட்டால் 2019 கடைசி, 2020 தொடக்கத்தில் இறங்கிய ரொயோட்டா ரெய்ஸ் 1.0 டர்போ. இந்த இரண்டில் ஒன்றுதான். தினமும் வெள்ளவத்தையிலிருந்து காலி வீதியால் கோட்டை, வருசத்தில் நாலைந்து தரம் யாழ்ப்பாணம், இடைக்கிடை நுவரெலியா. வெசலின் கியர்பொக்ஸைப் பற்றி எல்லாரும் வெருட்டுகிறார்கள், ஆனால் என்ன பழுது, ஏன் வருகிறது என்று ஒருவரும் விளக்கிச் சொல்வதில்லை. தெரிந்தவர்கள் விபரமாக எழுதுங்கள்.

ஏழாம்_கியர்
வெசல் வேண்டாம். காரணத்தைச் சொல்கிறேன்.

ஆர்யூ3இல் இருப்பது வழமையான ஓட்டோ கியர் அல்ல. ஏழு கியர், இரண்டு உலர் கிளச் (எஞ்சினைக் கியரோடு சேர்க்கும், பிரிக்கும் தகடுகள்). 1, 3, 5, 7 ஒரு தண்டில், 2, 4, 6 மற்றத் தண்டில். மின்மோட்டர் ஒற்றைப்படைத் தண்டோடு சேர்ந்திருக்கிறது. பற்றரியில் சார்ஜ் இருக்கும்வரை மோட்டர்தான் காரை நகர்த்தும், கிளச்சுக்கு வேலையே இல்லை. சார்ஜ் இறங்கினதும் எஞ்சின்தான் காரை நிலையிலிருந்து எடுக்கவேண்டும். மனுவல் கார்க்காரர் அரைக் கிளச்சில் எடுப்பதைப் போல இங்கே கணினி கிளச்சை வழுக்கவிட்டு எடுக்கிறது.

இனிக் கணக்கைப் பாருங்கள். பற்றரி 172.8 வோல்ட், 5 அம்பியர்-மணி. பெருக்கினால் 0.86 கிலோவாற்று-மணி. ஏசி கொம்பிரசரும் இதே பற்றரியில்தான் ஓடுகிறது. ஏசி மட்டும் ஒரு கிலோவாற்று இழுத்தாலே முழு பற்றரியும் ஒரு மணித்தியாலம் தாங்காது. முழுவதையும் இறக்கக் கணினி விடவும் மாட்டாது. பின்னேரம் ஐந்தரைக்குப் பம்பலப்பிட்டியில் ஊர்ந்து கொண்டிருக்கும்போது சில நிமிடங்களில் சார்ஜ் கோடுகள் கீழே வந்துவிடும். அதற்குப் பிறகு இரண்டு மீற்றர் நகர்வது ஒவ்வொன்றும் ஒரு கிளச் வழுக்கல். உலர் கிளச் என்பதால் சூட்டைக் கொண்டுபோக ஒயில் இல்லை. முதலில் எடுக்கும்போது ஒரு நடுக்கம், பிறகு கியர்பொக்ஸ் வெப்பநிலை எச்சரிக்கை, கடைசியில் கிளச் செட்டே மாற்றவேண்டி வரும்.

மருதானை_நானா
ஏழாம் கியர் தம்பி விளக்கின அமைப்பு நூற்றுக்கு நூறு சரி. முடிவுதான் பிழை. 'கியர்பொக்ஸ் போச்சு' என்று வரும் வெசல்களில் மூன்று விசயத்தை முதலில் பார்க்கவேணும்.

ஒன்று, கிளச்சை அழுத்துவது ஹைட்ரோலிக் அக்சுவேற்றர், ஒயில் அழுத்தத்தால் இயங்கும் கருவி. அதற்குள் இருப்பது பிரேக் ஒயில் வகை. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். கடல் காற்றும் ஈரமும் உள்ள கொழும்பில் மூன்று வருசத்துக்கு ஒருக்கா மாற்றவேணும், காற்றுக் குமிழி இல்லாமல் ப்ளீட் பண்ணவேணும். பிரேக் ஒயிலை மாற்றிவிட்டு இந்தச் சின்னப் போத்தலை மறந்துவிடும் கராஜ்கள் நிறைய. ஒயில் கறுத்திருந்தாலோ மட்டம் குறைந்திருந்தாலோ சீல் கசிகிறதா பாருங்க. அழுத்தம் விழுந்தால் கிளச் முழுதாகப் பிடிக்காது. பிடிக்காத கிளச் தானே தேயும். அப்ப கிளச்சை மட்டும் மாற்றி அக்சுவேற்றரை விட்டால் புதுக் கிளச்சும் அதே வழிதான்.

இரண்டு, கிளச் தேயத் தேய அது பிடிக்கத் தொடங்கும் இடம் மாறும். கணினி அதைத் தானாகப் பழகிக்கொண்டாலும், கிளச், அக்சுவேற்றர், கணினி இதில் எதைத் தொட்டாலும் ஹொண்டா ஸ்கேனரால் மறுபடி கற்பிக்கவேணும். சாதாரண கோட் ரீடரால் முடியாது. பாதி 'நடுக்கம்' இங்கேதான் தீரும்.

மூன்று, 12 வோல்ட் பற்றரி. அது பலவீனமானால் டாஷ்போர்டில் ஐந்தாறு எச்சரிக்கை ஒன்றாக எரியும், கியர் எச்சரிக்கையும் சேர்த்து. இரவு முழுக்க நிறுத்தி, காலையில் அளந்தால் 12.4 வோல்ட்டுக்குக் கீழே நிற்கிறதா? முதலில் அதைச் சரிபார்க்காமல் கியர்பொக்ஸை இறக்கவே கூடாது.

ஏழாம்_கியர்
நானா சொல்வது பராமரிப்பு. நான் சொல்வது வடிவமைப்பு. 2014 பெப்ரவரியில் ஹொண்டா ஜப்பானில் ஃபிட் ஹைபிரிட்டையும் வெசல் ஹைபிரிட்டையும் இந்தக் கியர்பொக்ஸின் கட்டுப்பாட்டு மென்பொருளுக்காகவே மீள அழைத்தது. அதே ஆண்டு ஜூலையில் எஞ்சின் கட்டுப்பாட்டு மென்பொருளுக்கு இன்னொரு மீளழைப்பு. 2021 ஏப்ரலில் வந்த இரண்டாம் தலைமுறை வெசலில் ஏழு கியரும் இல்லை, இரண்டு கிளச்சும் இல்லை. பெரும்பாலான நேரம் மோட்டர்தான் சில்லைச் சுற்றுகிறது. வேகப் பாதையில் மட்டும் எஞ்சினை நேரே கோர்க்க ஒரு கிளச். செய்தவர்களே கைவிட்ட ஒன்றை நாம் ஏன் காசு கொடுத்து வாங்கவேண்டும்?

மருதானை_நானா
முதல் மாதிரிகளின் மீளழைப்பு உண்மைதான், அதனால்தான் 2014 தொடக்கத்து வண்டியானால் மென்பொருள் பதிப்பைச் சேசி நம்பரோடு சரிபார்க்கச் சொல்லுறது. அது செய்த வண்டியும் செய்யாத வண்டியும் ஓட்டத்திலேயே வித்தியாசம் தெரியும்.

ஓட்டும் முறையும் பெரிய காரணம். பிரேக்கை அரைவாசி விட்டபடி முன் வண்டியின் பின்னால் ஒட்டி ஊரக்கூடாது. முழுதாக மிதித்தால் கிளச் பிரிந்திருக்கும், சூடு ஏறாது. ஒரு கார் நீளம் இடம் விட்டு, பிரேக் ஹோல்டை (காலை எடுத்தாலும் பிரேக்கைப் பிடித்து வைக்கும் வசதி) போட்டு நின்று, பிறகு ஒரேயடியாக எடுங்க. ஏற்றத்தில் அக்சிலரேட்டரால் காரைப் பிடித்து வைப்பதுதான் கிளச்சுக்குப் பரம எதிரி. ஏசியை 18இல் வைக்காமல் 25இல் வைத்தால் பற்றரி நின்றுபிடிக்கும். எச்சரிக்கை வந்தால் ஓரமாக நிறுத்தி, கியரை 'பார்க்'கில் போட்டு, எஞ்சினை நிறுத்தாமல் ஆறவிடவேணும்.

தெகிவளை_சந்தி
ஒரு காரை ஓட்டுவதற்கு இவ்வளவு பாடம் படிக்கவேண்டுமென்றால் அது கொழும்புக்கு ஏற்ற கார் அல்ல, நானா. வீட்டில் நாலு பேர் ஓட்டும் வண்டியில் நாலு பேருமா இப்படி ஓட்டுவார்கள்?

ரெய்ஸில் 996 சிசி மூன்று சிலிண்டர் டர்போ, 98 குதிரைவலு, 140 நியூட்டன்-மீற்றர் 2400இலிருந்து. சிவிடி (கியர் படிகள் இல்லாத) கியர்பொக்ஸ், நிலையிலிருந்து எடுப்பது கிளச் அல்ல, ரோக் கன்வேட்டர். அதற்குள் ஒயில் இருக்கிறது, ஊர்ந்தால் சூட்டை அதுவே சுமக்கும். ஹைபிரிட் பற்றரி என்ற கவலையும் இல்லை. நீளம் 3995 மிமீ, அகலம் 1695. வெசல் 4295க்கு 1770. வெள்ளவத்தை ஒழுங்கைகளிலும் அடுக்குமாடி பேஸ்மன்ட் தூண்களுக்கிடையிலும் அந்த 75 மிமீ அகலம் என்னவென்று தெரியும்.

மருதானை_நானா
ரெய்ஸுக்கும் பாடம் உண்டு தம்பி. டர்போ என்றபடியால் 5,000 கிமீ அல்லது ஆறு மாதம், எது முந்துதோ அப்ப ஒயில் மாற்றவேணும், 0டபிள்யூ-20. பத்தாயிரம் ஓடுவம் என்று இழுத்தால் டர்போவின் தண்டுதான் முதலில் தேயும். ஐடில் ஸ்டொப் (வண்டி நின்றதும் எஞ்சின் தானாக நிற்பது) உள்ளபடியால் எம்-42 வகைப் பற்றரி போடவேணும். மலிவு என்று சாதாரணப் பற்றரி போட்டவரின் ஐடில் ஸ்டொப் கொஞ்ச நாளில் வேலை செய்யாது. மூன்று சிலிண்டர் என்பதால் நிற்கும்போது சீட்டில் நடுக்கம் இருக்கும், அது பழுதல்ல. ஏசி போட்டதும் ஸ்டியரிங் வரை வந்தால் எஞ்சின் மவுண்டைப் பாருங்க.

வெசலுக்கும் இதை மறைக்கமாட்டேன்: ஹைபிரிட் வெசலின் 1.5 எஞ்சின் நேரடி ஊசி, பெற்றோலை நேரே சிலிண்டருக்குள் தெளிப்பது. பெற்றோல் வால்வைக் கழுவாது, எனவே உள்ளிழுப்பு வால்வின் முதுகில் கரி படியும். குளிர் எஞ்சினில் குலுக்கம் வந்தால் தாங்கியில் ஊற்றும் கிளீனர் அங்கே போய்ச் சேராது. மனிஃபோல்டை (எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் குழாய்த் தொகுதி) கழற்றித்தான் சுத்தம் செய்யவேணும். ஃபிட் ஹைபிரிட்டுக்கு இது இல்லை.

தெகிவளை_சந்தி
ரெய்ஸைத் தயாரிப்பது டைஹட்சு. அந்த டைஹட்சு விவகாரத்தை ஒருவர் தூக்கிக்கொண்டு வருமுன் நானே சொல்லிவிடுகிறேன். 2023 மே மாதம் டைஹட்சு ஒப்புக்கொண்டது ரெய்ஸ், அதன் டைஹட்சு வடிவமான ரொக்கி ஆகியவற்றின் ஹைபிரிட்களின் பக்கவாட்டுக் கம்ப மோதல் சோதனையில் நடந்த முறைகேட்டை. ஒரு பக்கத்தின் தரவை மறுபக்கத்துக்கும் கொடுத்திருந்தார்கள். டிசம்பரில் விசாரணை விரிந்து எல்லா மாதிரிகளின் அனுப்புதலும் நிறுத்தப்பட்டது. மே மாதச் சோதனை நாம் பேசும் டர்போவினுடையது அல்ல. ஆனால் பாதுகாப்பை முதலில் பார்ப்பவர் இதைத் தெரிந்துகொண்டு முடிவெடுப்பதே நியாயம்.

கிருலப்பனை_வாணி
இரண்டு பக்கமும் கியர்பொக்ஸிலேயே நிற்கிறீர்கள். ஓட்டும்போது கை என்ன உணரும் என்பதும் முக்கியம்.

ரெய்ஸின் திரும்பு ஆரம் 16 அங்குல ரயரில் 4.9 மீற்றர், வெசல் 5.3. வீதியில் யூ-டேர்ன் எடுக்கும்போது ஒரே வெட்டில் திரும்புவதற்கும் பின்னுக்கு எடுத்துத் திரும்புவதற்கும் உள்ள வித்தியாசம் அது. ஆனால் ரெய்ஸ் ஒரு தொன்னுக்குக் கீழே, உயரமான உடம்பு. தெற்கு அதிவேகப் பாதையில் 100இல் போகும்போது பெரிய பஸ் ஒன்று கடந்தால் காற்று தள்ளும், ஸ்டியரிங்கைச் சிறிதாகத் திருத்திக்கொண்டே இருக்கவேண்டும். வெசல் கிட்டத்தட்ட 300 கிலோ பாரம் கூட, சில்லிடைத் தூரமும் கூட, ஏ9இல் மணிக்கணக்கில் போக அதுதான் களைப்புக் குறைவு.

வெசலின் குறை சவாரி. 17 அங்குலச் சில்லுள்ளது குழியில் அடிக்கும். அதன் 215/55ஆர்17 ரயரின் பக்கச்சுவர் 118 மிமீ. 215/60ஆர்16க்கு மாறினால் 129 மிமீ. மொத்த விட்டம் 668 மிமீயிலிருந்து 664க்குத்தான் குறையும், வேகமானி நூற்றுக்கு ஒன்றுகூடப் பிழைக்காது. சொக் அப்சோபரை மாற்றுமுன் இதைச் செய்யுங்கள். முன்னால் 'டக் டக்' என்றால் ஸ்டபிலைசர் லிங்க், பிரேக் பிடிக்கும்போது ஒரு 'தொம்' என்றால் லோவர் ஆம் புஷ் (சில்லைப் பிடிக்கும் கீழ்க் கையின் ரப்பர்). பஞ்சிகாவத்தையில் பழைய ஆம் வாங்குவதானால் புஷ்ஷின் ரப்பரை விரித்து வெடிப்புப் பாருங்கள். மரைன் டிரைவ் பக்கம் நிறுத்தி வைத்த வண்டியென்றால் அடியில் பிரேக் குழாய்களின் துருவையும்.

ஏழாம்_கியர்
வாணி அக்கா சொன்ன சவாரி விசயத்தில் எனக்கு மறுப்பில்லை. ஏ9 மட்டும்தான் ஓட்டமென்றால் நானும் வெசல் என்றே சொல்வேன். கேட்டவர் தினமும் காலி வீதி, இடையில் நுவரெலியா. நீண்ட விடுமுறையில் கடுகண்ணாவை ஏற்றத்திலும் றம்பொடை வளைவுகளிலும் வரிசை நின்றால் இடம் விட்டு நிற்கவும் முடியாது, பின்னால் ஹோன் அடிப்பான்.

வெள்ளவத்தை_கடற்கரை
நன்றி எல்லாருக்கும். வெசலுக்கே மனம் போகிறது, பின் சீட் இடம் காரணம். பார்க்கப் போகும்போது என்ன வரிசையில் பார்ப்பது?

மருதானை_நானா
சேசி நம்பரை வைத்து ஜப்பான் ஏலத் தாளை (அங்கே ஏலத்தில் விற்றபோது எழுதிய நிலை அறிக்கை) எடுத்து, அதிலுள்ள கிலோமீற்றரை மீற்றரோடு ஒப்பிடுங்க. ஸ்டியரிங் தோலும் பிரேக் மிதியின் ரப்பரும் 'நாற்பதாயிரம்' ஓடின மாதிரி இருக்கா பாருங்க.

பிறகு ஹைபிரிட் பற்றரி. 48 செல். ஸ்கேனரில் செல் வோல்ட்களைத் திறந்து வைத்தபடி ஓட்டவேணும், நிறுத்தி வைத்துப் பார்த்தால் எல்லாம் நல்லாத்தான் தெரியும். வேகம் எடுக்கும்போது ஒரே செல் மற்றதெல்லாவற்றுக்கும் முந்தி விழுந்து, பிரேக்கில் சார்ஜ் ஏறும்போது அதே செல் முந்தி உயர்ந்தால் அதுதான் நோயாளி. பற்றரி விசிறி காற்று இழுக்கும் வாயில் தூசியும் முடியும் அடைத்திருக்கா என்றும் பாருங்க.

ஏழாம்_கியர்
இதோடு ஒன்று. காலை பத்து மணிக்கு வெறும் வீதியில் ஓட்டிப் பார்த்து வாங்காதீர்கள், அந்த நேரத்தில் எந்த வெசலும் பட்டுப்போல எடுக்கும். பின்னேரம் ஐந்து மணிக்குக் கேளுங்கள். ஏசியை முழுதாகப் போட்டு, சார்ஜ் இரண்டு கோட்டுக்கு இறங்கும்வரை காலி வீதியில் ஊருங்கள், குறைந்தது நாற்பது நிமிடம். பிறகு ஒரு பேஸ்மன்ட் ஏற்றத்தின் நடுவில் முழுதாக நிறுத்தி, எஞ்சின் ஓடும்போதே எடுத்துப் பாருங்கள். மூன்று தரம். மூன்றாம் தரமும் நடுங்காமல் எடுத்தால் விலை பேசலாம். விற்பவர் அந்த நேரத்துக்குத் தர மறுத்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.