பகடை சொல்வதை அப்படியே விடுவதா, கொஞ்சம் வளைப்பதா?

ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பகடை உருட்டிக் கதை ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டில், 2014 பதிப்பு விதிகளில் ஒரு சின்னக் குழுவுக்கு கேம் மாஸ்டராக, அதாவது கதையை நடத்துபவராக, இருக்கிறேன், எல்லாரும் புது ஆட்கள். திரை வைத்து மறைக்காமல் பகடையை மேசை நடுவிலேயே உருட்டுகிறேன், வந்த எண் வந்ததுதான், நான் யார் பக்கமும் இல்லை. அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் போன ஆட்டத்தில், முழு ஹிட் பாயிண்டே (உயிர்ப் புள்ளி) 7 மட்டுமே உள்ள முதல் லெவல் மந்திரவாதியை ஒரு கோப்ளின் (குட்டி அரக்கன்) கிரிட்டிகலாக, அதாவது சேதப் பகடை இரட்டிப்பாகும் அடியாக வெட்டி, இரண்டு பகடையிலும் 6 விழுந்து, அதோடு சேரும் 2-உம் சேர்த்து மொத்தம் 14 சேதம். உயிர் பூஜ்யமான பிறகும் மிஞ்சிய சேதம் முழு ஹிட் பாயிண்ட் அளவு இருப்பதால், விதிப்படி டெத் சேவுக்குக்கூட (பிழைக்க உருட்டும் பகடை) வழியில்லை, உடனே சாவு. ஆடியவர் முகம் செத்துவிட்டது, குறைத்துச் சொல்லியிருக்கலாமே என்று மற்றவர்களும் கேட்கிறார்கள்.

சாவாவது பரவாயில்லை, கதை நகரும். பூட்டைத் திறக்க 15 வேண்டும், 14 வந்தது, கதவு திறக்கவில்லை, அப்புறம்? எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள். ஒன்றிரண்டில் தவறினால் ஏதாவது ஒரு விலையோடு வெற்றி கொடுக்கலாம் என்று டன்ஜன் மாஸ்டர் கையேட்டிலேயே ஒரு விருப்ப விதி இருக்கிறது. டன்ஜன் வேர்ல்ட் என்ற இன்னொரு ஆட்டத்தில் இரண்டு பகடை உருட்டி 7 முதல் 9 வரை வந்தால் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் அந்த விலையை நான்தானே முடிவு செய்கிறேன், அப்போது நடுநிலை எங்கே போனது?

நீங்கள் விலையை உருட்டும் முன்பே சொல்லிவிடுவீர்களா? ஆடுபவரையே தேர்ந்தெடுக்க விடுகிறீர்களா? நீண்ட நாள் நடத்தியவர்கள் உங்கள் மேசையில் நடந்த உதாரணத்தோடு சொன்னால் பெரிய உதவி.