காய்ந்த இறாலைத் தவிர வேறெதையும் தொடாத ஆமை

கேள்வி:
ரெட் இயர்டு ஸ்லைடர் ஆமை ஒன்று வளர்க்கிறேன், ஓடு 9 செ.மீ. இருக்கும். ஐந்து மாதமாக டப்பாவில் வரும் ஃப்ரீஸ் ட்ரைடு (உறைய வைத்து உலர்த்திய) இறால்தான் சாப்பாடு. பெல்லட் (ஆமைக்கான குருணைத் தீனி) போட்டால் முகர்ந்துவிட்டுத் திரும்பிவிடுகிறான். இரண்டு நாளாக இடது கண்ணிமை வீங்கியிருக்கிறது. மரத்தவளை ஒன்றும் இருக்கிறது. அதற்குக் காய்ந்த சில்வண்டு போட்டேன், ஏறெடுத்தும் பார்க்கவில்லை. இரண்டுக்கும் என்ன செய்யலாம்?

பதில் 1:
முதலில் கண். ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் உடனே காட்டுங்கள். இறாலையே தின்று வளரும் ஆமைக்கு வைட்டமின் ஏ குறைந்து இமை வீங்குவது உண்டு. தண்ணீர் அழுக்கானாலும், கிருமி தொற்றினாலும் இதே போல வீங்கும், அதனால் நீங்களாக வைட்டமின் ஊசி, சொட்டு மருந்து எதுவும் கொடுக்காதீர்கள். வைட்டமின் ஏ அளவு மீறினால் ஆமைக்குத் தோலே உரிந்துவிடும்.

என் முதல் ஆமைக்கும் இதேதான் நடந்தது. விரும்பித் தின்கிறாளே என்று எட்டு மாதம் இறாலை மட்டும் கொடுத்தேன். ஒருநாள் இரண்டு கண்ணும் மூடிக்கொண்டன. இரை தெரியாததால் சாப்பாட்டையே நிறுத்திவிட்டாள். மருத்துவமும் உணவு மாற்றமுமாக, கண் முழுதாகத் திறக்க ஆறு வாரம் ஆனது. இப்போதும் அந்த டப்பாவைக் கையில் எடுத்தால் அதுதான் ஞாபகம் வருகிறது.

இறால் கெட்ட பொருள் இல்லை. உறைய வைத்து, வெற்றிடத்தில் பனியை அப்படியே ஆவியாக்கி எடுப்பதால் புரதம் பெரும்பாலும் தங்கிவிடும். ஆனால் அது தின்பண்டம், சோறு ஆகாது. வாரம் இரண்டு தடவை, நாலைந்து போதும். கொடுக்கும் முன் பத்து நிமிடம் தண்ணீரில் ஊற வையுங்கள்.

அந்த ஊறிய தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள்! பெல்லட்டை அதில் நனைத்துப் போடுங்கள், கூடவே ஒரு இறாலைப் பொடித்துத் தூவுங்கள். வாசனைக்கு வருவான். ஒவ்வொரு வாரமும் பொடியைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். துருவிய கேரட்டும் கீரையும் இப்போதே பழக்குங்கள், வளர வளர ஸ்லைடர் இலை தழையை அதிகம் தின்னும். பட்டினி போட்டு வழிக்குக் கொண்டுவரலாம் என்று சிலர் சொல்வார்கள். கண் வீங்கிய ஆமைக்கு அது வேண்டவே வேண்டாம்.

பதில் 2:
தவளை அசைவதைத்தான் இரை என்று நினைக்கும். ஊற வைத்த சில்வண்டை முனை மழுங்கிய இடுக்கியில் பிடித்து முகத்துக்கு முன்னால் மெல்ல ஆட்டிப் பாருங்கள். என் தவளை மூன்றாம் நாள்தான் பாய்ந்தது. ஆனாலும் உயிருள்ள பூச்சியை அடியோடு நிறுத்தாதீர்கள். பூச்சியில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. அதனால் உயிருள்ளதோ காய்ந்ததோ, கால்சியம் பொடி தூவித்தான் கொடுக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
நாளைக்கே மருத்துவரிடம் போகிறோம். இன்று இறால் தண்ணீரில் நனைத்த பெல்லட் இரண்டைத் தின்றான்! காய்ந்த தீனியில் கிருமி இருக்காதுதானே? தீனி போடுவது என் ஆறு வயது மகள்.

பதில் 1:
இருக்கும். உலர்த்துவதால் கிருமிகள் எல்லாம் சாவதில்லை, தூங்கும், அவ்வளவுதான். ஆமையின் உடம்பிலேயே சால்மொனெல்லா என்ற நோய்க்கிருமி இருக்கலாம். மகள் தீனி போட்டதும் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். இறால் ஊற வைக்கும் கிண்ணம் சமையலறைக் கிண்ணமாக இருக்க வேண்டாம். மருத்துவர் என்ன சொன்னார் என்று நாளைக்கு எழுதுங்கள், காத்திருப்பேன்.