சூடு பட்டதும் கையை இழுப்பது தண்டுவடமா, மூளையா?

கேள்வி: பத்தாம் வகுப்பு மாணவியின் தாய்

என் மகளுக்கு நரம்பு மண்டலப் பாடம் சொல்லிக்கொடுக்கும்போது ஓரிடத்தில் இருவருமே தடுமாறி நின்றுவிட்டோம். சூடான பொருளைத் தொட்டதும் கையை இழுத்துக்கொள்வது அனிச்சைச் செயல் என்றும், அதற்குத் தண்டுவடமே ஆணையிடுகிறது, மூளைக்கு அதில் பங்கில்லை என்றும் படித்தோம். பங்கே இல்லையென்றால், சுட்டது என்பது நமக்கு எப்படித் தெரிகிறது? இன்னொரு ஐயமும் உண்டு. தோசைக்கல்லில் விரல் பட்டால் கை தானாக விலகிவிடுகிறது. ஆனால் கரித்துணி நழுவிக் குழம்புச் சட்டி விரலைச் சுடும்போது, அருகில் குழந்தை நிற்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு, சட்டியை மேடையில் வைத்த பிறகுதான் கையை எடுக்கிறேன். அப்போது தண்டுவடத்தின் ஆணை என்னவாகிறது?

பதில் 1: உடலியங்கியல் ஆசிரியர்

வணக்கம். "பங்கில்லை" என்ற சொல்தான் குழப்பத்துக்குக் காரணம். "மூளைக்காகக் காத்திருப்பதில்லை" என்று எழுதியிருக்க வேண்டும். விரல்தோலில் உள்ள நரம்பு முனைகள் வெப்பத்தை மின்துடிப்பாக மாற்றுகின்றன. அத்துடிப்பு உணர்ச்சி நரம்பணுவின் வழியாகக் கழுத்துப் பகுதியிலுள்ள தண்டுவடத்துக்குள் பின்வேர் (முதுகுப்புற நரம்பு வேர்) வழியாக நுழைகிறது. அங்கே இடைநரம்பணுக்கள் அதைப் பெற்று, முன்வேர் (முன்புற நரம்பு வேர்) வழியாக வெளியேறும் இயக்க நரம்பணுக்களுக்குக் கடத்துகின்றன. முழங்கையை மடக்கும் தசை சுருங்கும் அதே கணத்தில், நீட்டும் தசைக்குச் செல்லும் துடிப்புகள் அடக்கப்படுவதால்தான் கை தடையின்றி விலகுகிறது. அதே செய்தியின் இன்னொரு கிளை தண்டுவடத்தில் மேலேறி, மூளையின் நடுவிலுள்ள தலாமஸ் என்ற பகுதி வழியாக, பெருமூளையின் வெளி அடுக்கான புறணியை அடைகிறது. வலியென்று நாம் அறிவது அதன் பிறகே.

வலியும் ஒரே தவணையில் வருவதில்லை. மெல்லிய மயலின் உறை (கொழுப்பாலான காப்புறை) கொண்ட நரம்பிழைகள் நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் வேகத்தில் செய்தியைக் கடத்துவதால் முதலில் 'சுருக்'கென்று தைக்கிறது; உறையற்ற இழைகளின் வேகம் நொடிக்கு 0.5 முதல் 2 மீட்டர் மட்டுமே என்பதால் எரிச்சல் பின்தங்கி வந்து நெடுநேரம் நிற்கிறது. அடுத்த முறை சுடும்போது கவனித்துப் பாருங்கள், வேண்டுமென்றே சுட்டுக்கொள்ள வேண்டாம்! நரம்பின் வேகம் அளவிட முடியாதது என்று செருமானிய உடலியங்கியல் அறிஞர் யோகான்னசு முல்லர் கருதினார். அவருடைய மாணவர் ஹெல்ம்ஹோல்ட்ஸ்தான் 1850இல் தவளையின் நரம்பில் அதை அளந்து, நொடிக்கு ஏறத்தாழ 27 மீட்டர் என்று காட்டினார்.

சட்டிக்கு வருகிறேன். மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் பாதைகளும் உள்ளன. சட்டி சூடானது, கீழே விட்டால் ஆபத்து என்பது உங்களுக்கு முன்பே தெரிந்திருப்பதால், அப்பாதைகள் மேற்சொன்ன இடைநரம்பணுக்களை முன்கூட்டியே அடக்கி வைக்கின்றன. தோசைக்கல்லில் எதிர்பாராமல் கை படும்போது அந்த முன்னேற்பாட்டுக்கு நேரமில்லை. சட்டியின் சூடு மிகக் கடுமையானால் அந்த அடக்குதலும் தோற்று, கை விட்டுவிடும்.

பதில் 2: இயன்முறை மருத்துவர்

மேலே சொன்னதை நாங்கள் நோயாளிகளிடம் நேரிலேயே காண்கிறோம். விபத்தில் மார்பு மட்டத்தில் தண்டுவடம் முற்றிலும் அறுந்தவருக்கு, தொடக்க நாள்களில் தண்டுவடம் தற்காலிகமாகச் செயலிழக்கும் அதிர்ச்சி நிலை நீங்கிய பின், பாதத்தைக் குத்தினால் கால் மடங்கி விலகும். ஆனால் அவருக்கு வலி சிறிதும் தெரியாது. கீழேயுள்ள சுற்று பழுதின்றி இருக்கிறது, மேலே செல்லும் வழி மட்டும் அறுந்திருக்கிறது. நீண்டகால நீரிழிவால் பாத நரம்புகள் கெட்டவருக்கோ செய்தி புறப்படும் இடத்திலேயே தடைபடுவதால் வலியும் தெரியாது, காலும் விலகாது. அதனால்தான் வெந்நீரில் கால் வைக்கும் முன் வீட்டிலுள்ள வேறொருவர் அந்நீரைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறோம்.

தங்கள் மகளுக்கு ஒரு குறிப்பு: முழங்கால் சுத்தியல் சோதனையை இதே சுற்று என்று எழுதிவிட வேண்டாம். தட்டுவது முழங்கால் சில்லுக்குக் கீழுள்ள தசைநாணில்; நீட்சியை உணர்வது தொடையின் முன்தசை. அங்கே உணர்ச்சி நரம்பணு இயக்க நரம்பணுவை நேரடியாகத் தொடுகிறது, நடுவில் ஒரே ஒரு நரம்பிணைப்புதான் (இரு நரம்பணுக்கள் சந்திக்கும் இடம்).

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. அப்படியானால், சுத்தியலால் தட்டும்போது இரு கைவிரல்களையும் கோத்து இழுக்கச் சொல்வது எதற்காக?

பதில் 3: இயன்முறை மருத்துவர்

கைகளை வலிந்து இழுக்கும்போது தண்டுவடத்தின் இயக்க நரம்பணுக்கள் எளிதில் தூண்டப்படும் நிலைக்கு வருகின்றன. கவனமும் காலை விட்டு விலகுகிறது. அதனால், சாதாரணமாகத் தட்டும்போது அசையாத கால்கூடத் தெளிவாக உதைக்கும்.