கேம்ப் போன இடத்தில் கேட்ட கேள்வி: மலையோர என்.எஸ்.எஸ். அனுபவங்கள்

மூணாறு பக்கத்திலிருந்து:

நான் என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) வாலண்டியர் செக்ரட்டரியாக, அதாவது மாணவர் தலைவராக, இருந்த வருடம். ரெண்டு வருடத்தில் 240 மணி நேர சேவை, ஏழு நாள் கேம்ப் என்ற கணக்கு எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடிப்பது, போதை ஒழிப்பு ஊர்வலம், சாயங்காலம் கலை நிகழ்ச்சி, அவ்வளவுதான் வழக்கம். அந்த முறை எங்கள் பி.ஓ. (திட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியர்), "முதலில் லயத்தில் (தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) வீடு வீடாகப் போய் என்ன வேண்டும் என்று கேளுங்கள்" என்றார். படிவம் மலையாளத்தில் இருந்தது. பெரியவர்களுக்குத் தமிழ்தான் வாசிக்க வரும். அதனால் கேட்கிற வேலை லயத்தில் பிறந்த எங்கள் தலையில் விழுந்தது.

கொழுந்து எடுத்துவிட்டு வந்த ஓர் அக்கா முகம் கொடுத்தே பேசவில்லை. "வெள்ளையடிச்சுட்டுப் போங்க தம்பி. எம் பொண்ணுக்கு சாதி சர்டிபிகேட் வாங்கித் தர முடியுமா, அதைச் சொல்லுங்க" என்றார். அடுத்தடுத்த வீடுகளிலும் இதே பேச்சு.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பட்டியல் சாதிகளுக்கான குடியரசுத் தலைவர் ஆணை 1950 ஆகஸ்ட் 10 அன்று வந்தது. அதற்கு முன்பே குடும்பம் இங்கே குடியிருந்தது என்று காட்டினால்தான் கேரளத்தில் சான்றிதழ். பள்ளர், பறையர், சக்கிலியர் எல்லாம் கேரளப் பட்டியலில் இருக்கிறார்கள். ஆனாலும் தாத்தா எப்போது மலையேறினார் என்பதற்குக் காகிதம் வேண்டும். கம்பெனி லயத்திலேயே பிறந்து வளர்ந்தவரிடம் என்ன பட்டா இருக்கும்? சான்றிதழ் இல்லாவிட்டால் பட்டியல் சாதிப் பிள்ளைகளுக்கான கல்வி உதவித்தொகையும் இல்லை, இட ஒதுக்கீடும் இல்லை.

அப்புறம் வெள்ளையடிப்பை ஒரு குழுவிடம் விட்டுவிட்டுக் காகிதம் தேடக் கிளம்பினோம். தோட்டத்துப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு, பழைய செக்ரோல் (தொழிலாளர் வருகை, கூலிப் பதிவேடு) என்று எதையும் விடவில்லை. ஒரு பாட்டி, தன் அப்பா "தொண்ணூத்தொம்பது வெள்ளத்துல ரயில் போனப்ப" சுமை தூக்கியதாகச் சொன்னார். அது கொல்லம் ஆண்டு 1099, அதாவது 1924-ல் வந்த வெள்ளம். மூணாறில் அப்போது ஓடிய குண்டளா ரயில் பாதை அதில்தான் அழிந்தது. கதையை எந்த அலுவலகமும் சாட்சியாக எடுக்காதுதான். ஆனால் பாட்டியின் அப்பா தோட்டத்தின் எந்த டிவிஷனில் (பிரிவில்) இருந்தார் என்பது அதில் கிடைத்தது. அங்கே தேடினோம், பெயர் இருந்தது. எல்லோருக்கும் இப்படி வாய்க்கவில்லை. பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது என்று ஓர் அலுவலகத்தில் ஒரு குடும்பத்தைத் திருப்பியே அனுப்பினார்கள்.

வெளியூர்ப் பிள்ளைகளும் ஓடியாடி உழைத்தார்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் பாட்டியிடம் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் லயத்துப் பிள்ளைகள்தான். எனக்கு முன்பெல்லாம் மேடையில் நன்றாக மலையாளம் பேசுகிறவருக்கே செக்ரட்டரி பதவி போகும். இந்த வழக்கம் போக வேண்டும் என்பது என் கட்சி.

அட்டப்பாடியிலிருந்து:

இங்கேயும் அதே கதைதான். பழங்குடி ஊருக்குள் கேம்ப் என்றால் முதலில் மூப்பனிடம் (ஊர்த் தலைவரிடம்) கேட்க வேண்டும். எங்களைப் பார்த்ததும் அவர், "போன தடவ வந்தவங்க மறுபடி வர்றோம்னாங்களே, எங்க?" என்றார். யாருக்கும் பதில் வரவில்லை. அரிவாள் செல் ரத்தசோகை என்ற பரம்பரை நோய்க்கான பரிசோதனைக்கு ஆட்களை அழைத்துப் போவதுதான் திட்டம். நாங்கள் கூப்பிட்டபோது ஒருவரும் அசையவில்லை. எங்கள் வகுப்பு இருளர் பெண் ஒருத்தி தன் பேச்சில் அத்தைமாரிடம் விளக்கியபிறகு ஜீப் நிறைந்து கோட்டத்தறை ஆஸ்பத்திரிக்குப் போனது. நோட்டீஸில் அவள் பெயர் கடைசி வரியில் இருந்தது, அது வேறு எரிச்சல்.

பீர்மேட்டிலிருந்து:

ஒரு சின்ன மறுப்பு. என்.எஸ்.எஸ். சேவைக்குக் கிடைக்கும் கூடுதல் மதிப்பெண்ணான கிரேஸ் மார்க்குக்காக வருகிறவர்களை எல்லோரும் கிண்டல் செய்கிறோம். மார்க் இல்லாவிட்டால் பாதிப் பேர் மலையேறவே மாட்டார்கள். வரட்டும், விண்ணப்பம் எழுதிக் கொடுக்க ஆள் வேண்டுமே. மூணாறு அண்ணா, அந்தத் திருப்பி அனுப்பிய குடும்பம் மேல்முறையீடு செய்ததா? எங்கள் லயத்திலும் இப்படி எழுத்து மாறிய ஒரு கேஸ் இருக்கிறது.