உள்ளங்கால் புண் ஆறவில்லை, தாத்தா தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறேன் என்கிறார்: என்ன செய்வது?

கட்டுஅறை_டர்பன்

எல்லாருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில், டர்பனில் ஓர் அரசு மருத்துவமனையில் கட்டு மாற்றும் அறையில் இருக்கிறேன், எது என்று கேட்க வேண்டாம். எங்களிடம் வருகிறவர்களில் பெரும்பாலும் சர்க்கரைக் கால்கள்தான்.

ஒரு தாத்தா வருகிறார். வலது உள்ளங்காலில், பெருவிரலுக்குக் கீழே மேடாக இருக்குமே, அந்த இடத்தில் புண், சுற்றிலும் தடித்த காய்ப்பு. வலி துளியும் இல்லை, அதனால் அவருக்குப் பயமும் இல்லை. வாரத்துக்கு மூன்று முறை சலைனில் கழுவி பீட்டாடைன் காஸ் வைத்துக் கட்டுகிறோம், ஏனென்றால் ஸ்டோரில் எப்போதும் இருப்பது அது ஒன்றுதான், ஃபோம் (கசிவை உறிஞ்சும் பஞ்சு மாதிரியான கட்டு) வந்தால் வந்தது, இல்லாவிட்டால் இல்லை. பல வாரங்களாகப் புண் அப்படியே நிற்கிறது. அவருடைய மகன் காசு கொடுத்து வாங்கத் தயார். ஃபோமா, கடற்பாசியிலிருந்து செய்கிற ஆல்ஜினேட்டா, தேன் டிரஸ்ஸிங்கா, எதை வாங்கச் சொல்லலாம்?

இன்னொன்று, இதுதான் பெரிய தலைவலி. தைப்பூசத்துக்கு வெறுங்காலில் காவடி எடுப்பதாக வேண்டியிருக்கிறார். டாக்டர் 'கூடவே கூடாது' என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். தாத்தா அங்கே தலையை ஆட்டிவிட்டு என்னிடம் வந்து 'நீயும் தமிழ்ப் பிள்ளைதானே, உனக்குமா தெரியாது?' என்கிறார். பெஞ்சில் விடியற்காலையிலிருந்து ஆட்கள் காத்திருக்கிறார்கள், ஒருவருக்குப் பத்து நிமிடம் கிடைத்தாலே அதிகம், அதற்குள் நான் என்ன பேசி அவரை மாற்றுவது?

ரிட்டயர்டு_சிஸ்டர்

தங்கச்சி, டிரஸ்ஸிங் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வை. அவர் அந்தக் காலை ஊன்றித்தான் நடந்து வருகிறார், நீ கட்டியதும் அதன் மேலேயே நடந்து போகிறார். மரத்துப்போன காலில் ஒரே இடத்தில் பாரம் விழுந்துகொண்டே இருந்தால், மேலே தங்கத்தையே வைத்துக் கட்டினாலும் ஆறாது. பாரத்தை எடுக்க வேண்டும். உலகம் முழுக்க முதலில் சொல்வது முழங்கால் வரைக்கும், நோயாளியே கழற்ற முடியாத சாதனம், நம் ஊரில் என்றால் மாவுக்கட்டு மாதிரி போடுவது. அது முடியாது என்றால் ஃபெல்ட் (தடித்த கம்பளித் துணி) வெட்டி ஒட்டி, சரியான செருப்பு.

அதற்கு முன்னால் சில விஷயம் பார்த்தாயா? 10 கிராம் மோனோஃபிலமென்ட் (மெல்லிய நைலான் இழை) வைத்து உணர்ச்சி பார்த்திருப்பீர்கள். கால் நாடி கிடைக்கிறதா? கணுக்கால் அழுத்த அளவை (கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்த எண்) மட்டும் நம்பாதே, சர்க்கரைக்காரர்களுக்கு ரத்தக்குழாய் சுண்ணாம்பு படிந்து இறுகிப்போயிருந்தால் 1.3-க்கு மேலே நல்லபடியாகக் காட்டும், உள்ளே ரத்தம் சரியாக ஓடாமலும் இருக்கலாம். கால் விரலில் ரத்த அழுத்தம் எடுக்க முடிந்தால் எடுக்கச் சொல். கிருமி நீக்கிய, முனை மழுங்கிய உலோகக் கம்பியைப் புண்ணுக்குள் மெதுவாக விட்டுப் பார்த்து எலும்பு தட்டுப்பட்டால் அது எலும்பு வரை போன கிருமி என்று சந்தேகப்பட வேண்டும், எக்ஸ்ரே இல்லாமல் மேலே போகக் கூடாது. காய்ப்பைச் சீவ வேண்டும், அதைப் படித்தவர்தான் செய்ய வேண்டும். உனக்குப் பயிற்சி இல்லை என்றால் பிளேடை எடுக்காதே, பாதச் சிகிச்சையாளரிடம் அனுப்பு.

ரூலர் வைத்து அளந்து எழுது. நாலு வாரத்தில் பரப்பு பாதியாகக் குறையாத புண் பன்னிரண்டு வாரத்தில் ஆறுவது அபூர்வம். அந்த எண்ணை டாக்டர் முன்னால் வைத்தால்தான் அவர் திரும்பிப் பார்ப்பார், 'ஆறவில்லை டாக்டர்' என்று வாயால் சொன்னால் காதில் விழாது.

பீட்டாடைன்: சீழும் அழுகலும் இருந்தால் சரி. சிவப்பாகச் சதை வளர்கிற புண்ணுக்கு தினமும் அதை ஊற்றிக் காய வைப்பது வேண்டாம். ஈரமான புண் சீக்கிரம் மூடும் என்று ஜார்ஜ் வின்டர் 1962-லேயே பன்றிகளில் காட்டிவிட்டார், ஆனால் அதற்குப் பிறகும் நாங்கள் படுக்கைப் புண்ணில் முட்டை வெள்ளைக்கரு தடவி விளக்குச் சூட்டில் காய வைத்துக்கொண்டுதான் இருந்தோம், மேட்ரன் சொன்னால் சொன்னதுதான். மகனிடம் காசு இருந்தால் விலை உயர்ந்த டிரஸ்ஸிங்கைவிட செருப்புக்குச் செலவழிக்கச் சொல்.

கோயில்_வேலை_ஈசிபிங்கோ

சிஸ்டர், எனக்கு மருத்துவம் தெரியாது, காவடி தெரியும். எங்கள் பக்கத்தில் வருஷா வருஷம் முதலுதவிக் கூடாரத்தில் உட்காருகிறேன். ஜனவரி, பிப்ரவரியில் டர்பன் வெயிலில் தார் ரோடு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மற்றவர்கள் சுட்டதும் ஓரமாகப் புல்லுக்குப் போய்விடுவார்கள், சர்க்கரை உள்ளவர்கள்தான் கடைசி வரை ரோட்டிலேயே நடந்து, கோயிலுக்குள் வந்து காலைக் கழுவும்போது தோல் உரிந்திருப்பதைப் பார்ப்பார்கள். குட் ஃப்ரைடே தீமிதியிலும் இதே கதை.

'கூடாது' என்று சொன்னால் உங்களிடம் வருவதை நிறுத்திவிட்டு எடுப்பார், அவ்வளவுதான். என்ன வேண்டுதல், யாருக்காக என்று கேளுங்கள். அவருடைய வேண்டுதலில் யாரும் கை வைக்காமல், எப்படி நிறைவேற்றுவது என்பதை மட்டும் பேசலாம். எங்கள் கோயிலில் அப்பா கோயிலுக்குள்ளேயே அபிஷேகப் பாலோடு உட்கார்ந்திருக்க, மகன் காவடியைத் தோளில் வாங்கி நடந்ததை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். குருக்களே சொன்னால் கேட்பார், அவரிடம் நாம் முன்னதாகப் போய்ச் சொல்லிவைக்க வேண்டும், கடைசி நாளில் கூட்டத்தில் போய் நின்றால் யாருக்கும் நேரம் இருக்காது.

கால் மட்டும் இல்லை, கொடியேற்றத்திலிருந்து விரதம். இன்சுலின் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருப்பவர்கள் மயங்கி விழுந்து பார்த்திருக்கிறோம். அந்த மருந்தைப் பற்றியும் டாக்டரிடம் கேட்டுச் சொல்லுங்கள். அப்புறம் வீட்டில் புண்ணின் மேல் விபூதியும் மஞ்சளும் வைக்கிறாரா என்றும் கேளுங்கள், உங்களிடம் தானாகச் சொல்ல மாட்டார்.

ஏஜென்சி_நைட்ஸ்

ரிட்டயர்டு சிஸ்டர் சொன்னது எல்லாம் சரி, ஆனால் மாவுக்கட்டு விஷயத்தில் நான் கொஞ்சம் நிறுத்திப் பேச வேண்டும். கிருமியும் ரத்த ஓட்டக் குறைவும் சேர்ந்திருக்கிற காலில் கழற்ற முடியாத கட்டைப் போட்டு மூடக் கூடாது, அதைப் பார்க்காமல் யாராவது போட்டுவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. போட்டாலும் திரும்பத் திரும்ப வந்து மாற்ற வேண்டும். மினிபஸ் டாக்ஸியில் அந்தக் காலைத் தூக்கி ஏறுகிற தாத்தாவை நினைத்துப் பாருங்கள், இன்னொரு காலையும் இடறிவிட்டால் அது வேறு.

பத்து நிமிடக் கதைக்கு வருகிறேன். அது உன் குறை இல்லை. காலை 7 முதல் மாலை 7 வரை நிற்கிறோம், ஹேண்டோவர் முடிந்து வீடு போகும்போது எட்டரை. காயப் பராமரிப்புப் பயிற்சி முடித்துவிட்டு வந்தவளை அடுத்த வாரமே மெடிக்கல் வார்டுக்கு மாற்றுகிறார்கள், ஏனென்றால் அங்கே ஆள் இல்லை. அப்புறம் கட்டு அறையில் யாருக்கும் ஒரே புண்ணைத் தொடர்ந்து பார்த்த அனுபவம் கிடைப்பதில்லை, ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்தபடி கட்டுகிறார்கள். 2007-லும் 2010-லும் அரசு ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது சம்பளம் பேசினோம், ஆள் கணக்கை அப்போதே இன்னும் கத்திப் பேசியிருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஆண்டுக் கட்டணம் கட்டவில்லை என்றால் மட்டும் நர்சிங் கவுன்சில் உடனே ஞாபகப்படுத்தும்!

அதனால் எல்லாவற்றையும் உன் தலையில் போட்டுக்கொள்ளாதே. அளவு, ஆழம், வாடை, கசிவு, யார் எந்தத் தேதி சொன்னார்கள் என்று கார்டில் எழுது. யார் கட்டினாலும் அடுத்தவர் படிக்க முடிய வேண்டும். புண்ணின் படத்தை வார்டு வாட்ஸ்அப் குழுவில் போடாதே, தனிநபர் தகவல் சட்டம் இருக்கிறது, ஃபைலுக்கு வேண்டுமென்றால் எழுத்தில் சம்மதம் வாங்கி எடு.

கட்டுஅறை_டர்பன்

எல்லாருக்கும் நன்றி, தனித்தனியாகப் பதில் எழுத நேரமில்லை. தாத்தாவிடம் யாருக்காக வேண்டுதல் என்று கேட்டேன். பேத்திக்காகவாம், பிரசவத்தில் ரொம்பக் கஷ்டப்பட்டவளாம். அதற்குப் பிறகு அவரே நிறையப் பேசினார், நான் கட்டிக்கொண்டே கேட்டேன், கூடுதலாக நேரம் ஒன்றும் ஆகவில்லை. மஞ்சள் வைப்பது உண்மைதான். மகன் காவடி எடுப்பதற்கு அவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் குருக்களிடம் போய்ப் பேசுகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

டாக்டர் கம்பி விட்டுப் பார்த்தார், எலும்பு தட்டவில்லை, இருந்தாலும் எக்ஸ்ரேவுக்கு எழுதினார். பாதச் சிகிச்சையாளர் சீட்டும் கிடைத்தது, தேதிதான் தள்ளி வருகிறது. அதுவரைக்கும் ஃபெல்ட் வைக்கலாமா, எவ்வளவு தடிப்பு, எப்படி வெட்டுவது?

ரிட்டயர்டு_சிஸ்டர்

தேதியைக் கிட்டே போடச் சொல்லி அளவு எழுதிய தாளோடு ஒரு முறை நேரில் போய்க் கேள், சீட்டு மேஜையில் கிடந்தால் கிடக்கும். ஃபெல்ட் சுமார் 5 முதல் 10 மில்லிமீட்டர் தடிப்பு. புண்ணைச் சுற்றி முழு வளையமாக வெட்டாதே, விளிம்பெல்லாம் பாரம் ஏறி அங்கே புதுப் புண் வரும். லாடம் மாதிரி, விரல் பக்கம் திறந்திருக்கும்படி வெட்டி புண்ணுக்குப் பின்னால் வருகிற மாதிரி ஒட்டு. நடக்க நடக்க அமுங்கிப்போகும், அதனால் ஒவ்வொரு கட்டிலும் தொட்டுப் பார்த்து மாற்ற வேண்டும். மற்ற காலையும் பார், பாரம் அங்கே போயிருக்கும்.